கிளப்பு வாசலில் நின்ற பாட்டு

அமலோற்பவத்தைப் போலீஸ் லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகும் அவள் எடுத்த பாட்டு கிளப்பு வாசலிலேயே நின்றது. தரையிலிருந்து நாலேகால் அடி உயரத்தில், அவள் வாய் இருந்த அதே இடத்தில், இரும்புக் கேட்டுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம், யாரும் இல்லாத வெறும் காற்றில் நின்று பாடிக்கொண்டிருந்தது. லாரிப் புழுதி அடங்கி, தடிக்குப் பயந்து ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, மண்டை உடைந்தவர்கள் தலையில் துணி சுற்றிக்கொண்டும் மற்றவர்கள் வேப்பமரத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டும் இருந்தபோது, வறுகடலை விற்கும் காவேரியம்மாதான் முதலில் காதைத் தீட்டினாள். "இன்னாடி இது, அவள இட்டுக்கினு பூட்டானுங்க, பாட்ட உட்டுட்டுப் பூட்டானுங்களே" என்றாள். கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்தாள். பிறகு கடலை தீய்கிறது என்று சட்டியைக் கிளறப் போய்விட்டாள்.

நாங்களும் அப்படித்தான். சாம்பல்மேட்டில் பிறந்தவர்களுக்கு எதையும் பார்த்து வாய் பிளக்கிற வழக்கம் இல்லை. பூமிக்குள்ளே ஒரு மைல் ஆழத்தில் மனுசன் நடமாடுகிறான், அங்கே பாறை யாரும் தொடாமலே வெடிக்கிறது, காலையில் சோற்றுத் தூக்கோடு இறங்கினவன் சாயங்காலம் வராமல் தூக்கு மட்டும் வருகிறது. இதையெல்லாம் பார்த்துப் பழகினவர்களுக்கு ஆள் போய்ப் பாட்டு மட்டும் நிற்பது பெரிய அதிசயமா என்ன?

ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாம்பல்மேடு தங்கச் சுரங்கம். பஞ்சத்துக்குத் தப்பி ரயிலேறி வந்த சேரி ஜனம் நாங்கள். எங்களுக்குத் தகரக் கூரை போட்ட வரிசை வீடுகள், அதற்கு லைன் என்று பெயர். துரைமாருக்கு மேட்டில் பங்களாக்கள், நடுவில் கிளப்பு. கிளப்பு ரோட்டில் லைன் ஜனம் நடந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும், மழை பெய்தாலும் குடை விரிக்கக் கூடாது. ஆண்கள் உள்ளே இறங்கிக் கல்லை உடைத்து அனுப்புவார்கள். பெண்கள் நாங்கள் கொட்டகையில் உட்கார்ந்து அந்தக் கல்லில் பொன்கோடு உள்ளதையும் இல்லாததையும் பிரித்துப் போடுவோம். சங்கு ஊதியதும் பொன்கல் திருடினோமா என்று சோதனை. ஆண்களைக் கோவணத்தோடு நிறுத்தித் தடவி அனுப்புவார்கள். எங்களைக் கதவில்லாத ஒரு தகரத் தடுப்புக்குள் விட்டு, கொண்டையை அவிழ்த்து, ரவிக்கையைத் திறந்து, சேலையை உதறச் சொல்லி, வாட்ச்மேன்கள் கை போட்டுப் பார்ப்பார்கள். எந்த வாட்ச்மேனின் கை எப்படிப்பட்டது என்று எங்களில் ஒவ்வொருத்திக்கும் தெரியும். அதை வீட்டில் சொல்லமாட்டோம். வீட்டு ஆண்களுக்கும் அது தெரியும், அவர்களும் கேட்கமாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது தெரியாவிட்டால் இந்தக் கதை விளங்காது. சுரங்கத்தில் பாறை விழுந்து ஆட்கள் உள்ளே மாட்டிக்கொண்டால் எங்கள் பெண்கள் சுரங்க வாயில் கூடி ஒப்பாரி எடுப்பார்கள். ஒருத்தி எடுப்பாள், ஒருத்தி கூடச் சேர்ந்து அடுத்த அடியைப் பாடுவாள். உடம்பு மேலே வருகிற வரை அந்தப் பாட்டை நிறுத்தக் கூடாது. வந்த பிறகு, போனவன் பெயரைச் சொல்லி, "வந்து சேர்ந்தாச்சு, வழி விடுங்க, போதும்" என்று முடி போட வேண்டும். எடுத்தவளோ கூடச் சேர்ந்தவளோ, இந்த இருவரில் ஒருத்திதான் முடி போடலாம். வராத ஆளை வந்துவிட்டதாகப் பாடி முடி போட்டால் அது பொய்ச் சத்தியத்தைவிடக் கேவலம். பத்தொன்பது பேர் மாட்டிய வருஷம் மூன்று நாள் பாடினார்கள், கடைசி ஆள் வந்த பிறகுதான் முடி விழுந்தது.

அந்த மூன்று நாளும் எடுத்தவள் அமலோற்பவம், கூடச் சேர்ந்தவள் ஜெபமாலை. அமலோற்பவம் குள்ளம், கறுப்பு, அகல வாய், யாருக்கும் பயப்படாதவள். கல்யாணமான மூன்றாம் வருஷமே புருசனைச் சுரங்கத்துக்குக் கொடுத்தவள். ஜெபமாலை உயரம், அழகி, அளந்து பேசுவாள். அவள் புருசனுக்கு நெஞ்சில் கல்தூசி அடைத்து, படுக்கையிலிருந்து எழுந்து ஐந்து வருஷமாகிறது. இருவரும் எங்களோடு கல் பொறுக்குகிறவர்கள்தான். இருபது வருஷமாக ஒரு மூச்சில் பாடினவர்கள்.

சுரங்க வாயில் இவர்கள் பாடியதைக் கேட்டுத்தான் கிளப்பு பாண்டு மாஸ்டர் லோபோ இவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். லோபோ கோவாக்காரர், சாக்ஸபோன் வாசிப்பார், அவரிடம் கிராமபோனும் ஒரு பெட்டி நிறையத் தட்டுகளும் இருந்தன. அமெரிக்காவில் பருத்திக் காட்டு ஊர்களிலிருந்து வந்த கறுப்புப் பெண்கள் பாடிய தட்டுகள். ஒன்றைப் போட்டுக் காட்டினார். இங்கிலீஷில் ஒரு வார்த்தையும் தெரியாத அமலோற்பவம் பாதியிலேயே, "இவ வூட்ல யாரோ செத்துருக்காங்க மாஸ்டரே" என்றாளாம். லோபோ ஊசியை எடுத்துவிட்டு, "அங்க இருக்கிற வெள்ளைக்காரங்களுக்கும் கிளப்புல பாட்டுதான் வேணும், ஆள் வேணாம். சமையக்கட்டு வழியா போய், பாடிட்டு, சமையக்கட்டு வழியா வரணும்" என்றார். இவர்களும் அப்படியே போனார்கள். சனிக்கிழமை சாயங்காலம், கவுன் மாட்டிக்கொண்டு, எச்சில் தட்டு கழுவுகிற இடத்தைத் தாண்டி மேடைக்குப் போய், லோபோவின் சாக்ஸபோனோடு பாடினார்கள். கொஞ்ச நாளில் இங்கிலீஷ் வார்த்தைகள் சலித்துப்போய், அமலோற்பவம் அந்த மெட்டுகளில் எங்கள் செத்த ஆண்களின் பெயர்களை வரிசையாக வைத்துப் பாட ஆரம்பித்தாள். துரைமாரும் துரைசானிகளும் இடுப்பில் கை போட்டு ஆடினார்கள். எங்கள் பிணங்களின் மேல் ஆடுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். கேட்டுக் கேட்டுச் சிரிப்போம். அந்தச் சிரிப்பு எவ்வளவு கசப்பு என்று இப்போதுதான் தெரிகிறது.

அந்த வருஷம் ஆவணியில், எங்களோடு கல் பொறுக்குகிற தனபாக்கியத்துக்கு அஞ்சு மாசம். தலைச்சன். வயிற்றில் கல் கட்டியிருக்கிறாள் என்று எவனோ சொல்லி, தகரத் தடுப்புக்குள் இரண்டு வாட்ச்மேன்கள் அவளைச் சுவரோடு நிறுத்தி வயிற்றை அழுத்திப் பார்த்தார்கள். கல் இல்லை. அன்றிரவே கரு கலைந்துவிட்டது. அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றவள் நான். கத்தினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் கத்தவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அமலோற்பவம் கவுன் போடவில்லை. கல் பொறுக்குகிற சேலையோடு, காலில் செருப்போடு, கிளப்பு ரோட்டின் நடுவே நடந்து போய், சமையற்கட்டுப் பக்கம் திரும்பாமல் முன் வாசலில் நின்றாள். ஜெபமாலை அவளுக்குப் பின்னால் நின்றாள். நாங்கள் முப்பது நாற்பது பெண்கள் ரோட்டோரம் நின்றோம். அமலோற்பவம் எடுத்தாள்:

"தொட்டில் கட்டும் முன்னாலே தொலைஞ்சுபோன கண்ணே,
கேட்டுலே கை போட்டவன் கேக்கட்டுமே இந்தப் பாட்டை."

பிறக்காத பிள்ளைக்கு எங்களில் யாரும் அதுவரை ஒப்பாரி எடுத்ததில்லை. ஜெபமாலை அடுத்த அடியைச் சேர்த்தாள். நாலு சுற்று போயிருக்கும், தடியோடு போலீஸ் வந்தது, ஜெபமாலை ஓடினாள். அவளைக் குறை சொல்லவில்லை, நானும்தான் ஓடினேன். அமலோற்பவம் மட்டும் ஓடவில்லை. அவளைத் தூக்கி லாரியில் போட்டார்கள். முடி போடாத பாட்டு அங்கேயே நின்றது.

நின்றதிலும் ஒரு விசேஷம். ஜெபமாலை ஓடும்போது அவள் குரலும் அவளோடு ஓடிவிட்டதால், காற்றில் நின்ற பாட்டில் ஓர் அடி அமலோற்பவத்தின் குரல், அடுத்த அடிக்கு வெறும் இடைவெளி, மறுபடி அமலோற்பவம், மறுபடி இடைவெளி என்று போய்க்கொண்டிருந்தது. அந்த வழியாகப் போகிறவர்களால் அந்த இடைவெளியைத் தாங்க முடியவில்லை. தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி ஓரடி பாடிவிட்டுப் போவார். பால் கொண்டுபோகிறவள் பாடுவாள். மாதா கோயில் கூட்டமும், மாரியம்மன் கோயில் கூட்டமும், ஞாயிறு தோறும் புத்தர் மண்டபத்தில் கூடுகிற கூட்டமும் அவரவர் குரலில் அந்த அடியை நிரப்பின. பாதிரியார் முதல் வாரம் அதைப் பேயோ என்று சந்தேகப்பட்டார், இரண்டாம் வாரம் புண்ணிய ஆத்துமாவாக இருக்கலாம் என்றார், மூன்றாம் வாரம் யாரும் பார்க்காத நேரத்தில் வந்து தானும் ஓரடி பாடிவிட்டுப் போனதைக் காவேரியம்மா பார்த்தாள். அவள் கடலைக் கடையை நிரந்தரமாக அங்கேயே போட்டுவிட்டாள். பாட்டு நிற்கிற இடத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது, வைத்தால் அமலோற்பவத்தின் வாயை மிதித்த மாதிரி என்று அவளே ஒரு சட்டம் போட்டு, சுண்ணாம்பால் ஒரு வட்டமும் போட்டாள். எங்கள் ஜனம் அந்தச் சட்டத்தை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தது. பாட்டைக் கேட்கத்தானே வருகிறோம், கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு எப்படிக் கேட்பது என்று ஒவ்வொருவராகக் காலில் மாட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். அதை எவனும் தடுக்கவில்லை, தடுக்க நிற்கிற வாட்ச்மேனே அடுத்த அடியைப் பாடிக்கொண்டிருந்தான்.

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. முதலில் இன்ஜினியர் துரை வந்து டேப் வைத்து அளந்து, நோட்டில் எழுதிக்கொண்டு போனார். பிறகு பாட்டைச் சுற்றி நாலு பக்கமும் செங்கல் சுவர் எழுப்பி மேலே தளம் போட்டார்கள். உள்ளே ஒரு பெண் குடியிருந்து பாடுகிற மாதிரி கேட்டது, அதுதான் மிச்சம். துரைசானிகள் அந்தப் பக்கம் போகவே பயந்ததால் கம்பெனியே சுவரை இடித்துவிட்டது. சனிக்கிழமை பாண்டை இரண்டு மடங்கு சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். லோபோ வாசித்தார், பாதி வாசிப்பில் அவர் சாக்ஸபோன் நாதமே வாசல் பாட்டின் இடைவெளிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, ஆடிய ஜோடிகள் அந்த நடைக்கு ஆட முடியாமல் நின்றுவிட்டன. நான் என்ன செய்வேன், அது தானாகப் போகிறது என்று லோபோ கையை விரித்தார். ஒரு சாயங்காலம் பெரிய துரையின் மனைவி மாடி வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்து, தமிழ் தெரியாத வாயால் அந்த அடியை முனகியதைத் தோட்டக்காரர் கேட்டார். அவளுக்கும் ஒரு பிள்ளை தங்காமல் போயிருந்ததாம். மறுவாரம் அவளை ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் முனிரத்தினம் வந்தான். தொழிலாளர் சங்கச் செயலாளர். நல்ல பிள்ளை என்றுதான் நினைத்தோம், பேச்சில் மன்னன். அதுவரை சங்கத்தில் இருநூறு பேர்கூட இல்லை. முனிரத்தினம் தினமும் சாயங்காலம் பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியைப் போட்டு ஏறி நின்று பேசினான். பாட்டு ஓரடி பாடும், ஜனம் ஓரடி பாடும், நடுவில் அவன் ஒரு வாக்கியம் சொல்வான். கேட்டவனுக்கு மயிர்க்கூச்செறியும். சோதனையை நிறுத்து, கிளப்பு ரோட்டில் செருப்போடு நடக்க விடு என்று கேட்டுக் கொட்டகைப் பெண்கள் முதலில் வேலையை நிறுத்தினோம். எட்டாம் நாள் ஆண்களும் நிறுத்தினார்கள். சங்கத்தில் ஆறாயிரம் பேர் சேர்ந்தார்கள். அவர்களைச் சேர்த்தது முனிரத்தினத்தின் பேச்சு என்று இப்போது சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், காது உள்ளவர்களுக்குத் தெரியும்.

அமலோற்பவத்தை உள்ளே வைத்தும் பாட்டு நிற்கவில்லை என்பதால், பிடித்துக்கொண்டு போன பதினோராம் நாளே விட்டுவிட்டார்கள். வந்தவள் நேரே கிளப்பு வாசலுக்குப் போய், காவேரியம்மாவின் வட்டத்துக்கு வெளியே நின்று தன் பாட்டைத் தானே கேட்டாள். "கொஞ்சம் சுருதி எறக்கி எடுத்திருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான். ஒரு பாட்டு முடியாமல் இன்னொன்றை எடுக்கக் கூடாது என்பதால் அதன் பிறகு அவள் வாயில் பாட்டே வரவில்லை. பேச்சு மட்டும் வந்தது, அது முன்னைவிடக் காரமாக வந்தது.

ஜெபமாலைதான் மாறிவிட்டாள். முதல் வாரம் அவளும் வாசலுக்கு வந்தாள். இடைவெளியில் தன் அடியைப் பாட வாயெடுத்தாள், அதற்குள் பின்னால் நின்ற ஐந்நூறு பேர் பாடிவிட்டார்கள். இருபது வருஷம் அவள் பாடிய அடி. திரும்பி வரும்போது என்னிடம், "எஸ்தரு, என் எடத்த மாடு மேய்க்கிறவன்லாம் பாடுறான் பாத்தியா" என்றாள். நான் அதைப் பெருமையாகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு சிரித்தேன். இன்று நினைத்தால் என் செவிட்டில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வேலைநிறுத்தம் ஆறு வாரம் தாண்டியது. கஞ்சித் தொட்டியில் கஞ்சி நீர்த்துக்கொண்டே போனது. அப்போதுதான் பெரிய துரை முனிரத்தினத்தைக் கிளப்புக்குள் கூப்பிட்டார். முன் வாசல் வழியாகவே கூப்பிட்டார், நாற்காலி போட்டார், டீ கொடுத்தார். மறுநாள் முனிரத்தினம் மூன்று பேரோடு அமலோற்பவம் வீட்டுக்கு வந்தான். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு தகரம்தான், எல்லாம் கேட்கும்.

"யக்கா, தொர எல்லாத்துக்கும் ஒத்துக்கினாரு. சங்கத்த ஏத்துக்கறாரு. ரோட்ல செருப்பு போட்டுக்கினு போலாம். ஒண்ணே ஒண்ணு, அந்தப் பாட்ட முடிச்சுடணும்."

"சோதன?"

"ஆம்பளைங்களுக்கு இனிமே கெடையாது."

"பொம்பளைங்களுக்கு?"

"பொம்பளைங்களுக்குப் பொம்பளையே வெப்பாங்க. வாட்ச்மேன் கை இனிமே படாது. எம்மாம் பெரிய வெற்றி, யோசிச்சுப் பாரு."

"அவுக்கறது நிக்குமா?"

"படிப்படியாத்தான் போவணும்கா" என்றான்.

"பாட்ட எதுக்கு எடுத்தேன், தம்பி? சோதன நிக்கணும்னு எடுத்தேன். நின்னுச்சுன்னா அந்தக் கொழந்த வந்து சேந்துச்சுன்னு பாடறேன். நிக்கலேன்னா நான் எப்பிடி வந்துச்சுன்னு பாடுவேன்?"

"ஆறாயிரம் குடும்பம் பட்டினி கெடக்குது."

"நானும்தான் கெடக்கறேன்" என்றாள் அமலோற்பவம்.

தண்ணீர்த் தொட்டியடியில் கூட்டம் போட்டார்கள். ஒப்பந்தத்தை வாசித்தார்கள். பெண்களைச் சோதிக்க இனிப் பெண்ணே என்பதை முனிரத்தினம் மூன்று தடவை வாசித்து, மூன்று தடவையும் கைதட்டு வாங்கினான். ஏற்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றான். ஆண்கள் அத்தனை பேரும் தூக்கினார்கள், அவர்களுக்கு இனிக் கோவணத்தோடு நிற்க வேண்டியதில்லை. என் வீட்டுக்காரர் என் முழங்கையை இடித்தார். வீட்டில் மூன்று பிள்ளைகள். நானும் தூக்கினேன். தூரத்தில் தனபாக்கியம் கையை மடியில் வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் சுமக்கிறேன்.

அமலோற்பவம் மறுத்ததும் அவர்களே முடி போடப் பார்த்தார்கள். பாதிரியாரைக் கூப்பிட்டு மந்திரித்தார்கள், பாட்டு நிற்கவில்லை. கோயில் பாடகர் குழு நாலு குரலில் "போதும்" என்று பாடியது, நிற்கவில்லை. பக்கத்து ஊரிலிருந்து கூலிக்கு ஒப்பாரி வைக்கிறவளைக் கூட்டி வந்தார்கள். அவள் கொஞ்சம் கேட்டுவிட்டு, "எடுத்தவங்க கையாலதான் இத முடியணும், அதுக்கும் செத்தது பேரு வேணுமே, இது யாரு?" என்றாள். யாருக்கும் தெரியவில்லை. பிறக்காத பிள்ளைக்கு ஏது பெயர்?

பெயர் இருந்தது. தனபாக்கியம் வயிற்றிலிருக்கும்போதே ஒரு பெயர் வைத்திருந்தாள். அதைப் புருசனிடம்கூடச் சொல்லாமல் அமலோற்பவத்திடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

ஒரு மத்தியானம் ஜெபமாலை அமலோற்பவம் வீட்டுக்கு வந்தாள். வெகு நாள் கழித்து வந்தாள். இருவரும் பழைய மாதிரி தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டார்கள், ஜெபமாலை அழுதாள், அமலோற்பவம் அவளைத் தட்டிக்கொடுத்தாள். "நாளைக்கு நீ செத்துப்போனா இந்தப் பாட்ட யாருக்கா முடிக்கறது? பேருகூட எனுக்குத் தெரியாதே. நானும் கூடச் சேந்தவதானே" என்றாள் ஜெபமாலை. தகர ஓட்டை வழியாகப் பார்த்தேன். அமலோற்பவம் கொஞ்சம் யோசித்து, பிறகு சிரித்து, ஜெபமாலையின் காதில் வாயை வைத்தாள். இருவரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம், இருந்த கடைசிச் சர்க்கரையைப் போட்டு டீ வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கிளப்பு வாசலுக்கு வரவேண்டும் என்று தமுக்கடித்தார்கள். பெரிய துரை காரில் உட்கார்ந்திருந்தார். முனிரத்தினம் மாலையோடு நின்றான். ஜெபமாலை புது நீலச் சேலையில் வந்து, காவேரியம்மாவின் வட்டத்துக்குள் காலை வைத்தாள். காவேரியம்மா, "ஏய், வாயை மிதிக்காதடி" என்று கத்தினாள். ஜெபமாலை திரும்பிப் பார்க்கவில்லை.

அமலோற்பவத்தின் குரல் ஓரடி பாடியது. ஜெபமாலை அடுத்த அடியைப் பாடினாள். கடவுளே, அதை எப்படிச் சொல்வேன்! இரண்டு மாதம் நாங்கள் ஆயிரக்கணக்கில் நின்று கத்தி நிரப்பிய இடைவெளி, அவள் ஒருத்தியின் குரல் போய் உட்கார்ந்ததும் அப்படியே மூடிக்கொண்டது, ஒரு மயிரிழை இடம் இல்லை. அவள் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தைப் பார்த்தேன். பொய்யில்லாத சந்தோஷம். நாலு சுற்று அப்படிப் பாடினாள். கூட்டத்தில் பாதிப்பேர் அழுதார்கள், நானும் அழுதேன், அந்த அழுகைக்காக என்னை நான் மன்னிக்கவில்லை. ஐந்தாம் சுற்றில் அந்தப் பெயரைச் சொன்னாள். அதை நான் இங்கே எழுதமாட்டேன், என்னை விட்டால் தனபாக்கியத்துக்கு வேறு யார் இதையாவது செய்வார்கள்? பெயரைச் சொல்லி, "வந்து சேர்ந்தாச்சு, வழி விடுங்க, போதும்" என்று முடி போட்டாள்.

பாட்டு பாதி வார்த்தையில் நின்றது. காக்கை கத்துவது, காரின் இன்ஜின் உறுமுவது எல்லாம் திடீரென்று கேட்டன. கூட்டத்தில் தனபாக்கியம் தரையில் உட்கார்ந்தாள். புருசனிடம்கூடச் சொல்லாத பெயரை ஆறாயிரம் பேர் கேட்டுவிட்டார்கள். முனிரத்தினம் மாலையை ஜெபமாலைக்குப் போட்டான், பெரிய துரை காருக்குள்ளிருந்தபடியே தொப்பியைத் தொட்டார்.

அமலோற்பவம் அப்போதுதான் லைனிலிருந்து ஓடி வந்தாள். பாட்டு நின்றது அவளுக்கு வீட்டிலேயே தெரிந்துவிட்டதாம், நெஞ்சிலிருந்து எதையோ பிடுங்கிய மாதிரி இருந்ததாம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜெபமாலை முன்னால் வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தோம். அவள் அடிக்கவில்லை, மூச்சு வாங்க, "வந்துச்சாடி?" என்று மட்டும் கேட்டாள். "எங்க வந்துச்சு? காட்டு."

ஜெபமாலை மாலையைச் சரிசெய்துகொண்டாள்.

வெற்றி விழாவைக் கிளப்பு மைதானத்திலேயே நடத்த அனுமதி கொடுத்தார்கள். செருப்புப் போட்டுக்கொண்டு போனோம். மேடையில் சங்கத்து ஆண்கள் பதினாலு பேர் உட்கார்ந்தார்கள். ஒருவர் விடாமல் பேசினார்கள், தியாகிகள் பெயர் வாசித்தார்கள், தடியடியில் மண்டை உடைந்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அமலோற்பவத்தின் பெயரை யாரும் சொல்லவில்லை. நான் கடைசிவரை காத்திருந்தேன். பெண்கள் குடும்பத்தோடு திரளாக வந்து ஆதரவு தந்ததற்கு நன்றி என்று முனிரத்தினம் முடித்தான். லோபோ மட்டும் மேடைக்குப் பின்னால் சாக்ஸபோனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு, வாசிக்காமலே போய்விட்டார். மறுவாரம் ஊரைவிட்டும் போய்விட்டார்.

திங்கட்கிழமை வேலை தொடங்கியது. கொட்டகையில் உட்கார்ந்து கல் பொறுக்கினோம், அமலோற்பவமும் வந்தாள். அவள் பக்கத்து இடம் காலியாக இருந்தது, ஜெபமாலையைக் காணோம். புருசனுக்கு முடியவில்லை போல என்று யாரோ சொன்னார்கள்.

சங்கு ஊதியது. ஆண்கள் சட்டையை மாட்டிக்கொண்டு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, தடையில்லாமல் கேட்டைக் கடந்து போனார்கள். என் வீட்டுக்காரர் போகிற போக்கில் என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். நாங்கள் தகரத் தடுப்புக்கு வெளியே வரிசையாக நின்றோம். இப்போது அதற்குக் கதவு போட்டிருந்தார்கள், அதுவும் ஒப்பந்தத்தில் இருந்தது. கதவு திறந்தது. காக்கிச் சேலையில், இடுப்பில் சாவிக்கொத்தோடு, ஜெபமாலை நின்றாள்.

அவளுக்கு லைனில் பெரிய வீடு கொடுத்துவிட்டார்கள் என்பதும், அவள் புருசனை ஆஸ்பத்திரியில் தனிக்கட்டிலில் சேர்த்துவிட்டார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் அவள் கைதான். வாட்ச்மேன்களுக்கு அவசரம், ஆசை, அருவருப்பு, எல்லாம் கலந்திருக்கும், அதில் நாங்கள் தப்பிக்கிற சந்து ஒன்றிரண்டு இருக்கும். ஜெபமாலையின் கையில் எந்தச் சந்தும் இல்லை. இருபது வருஷம் எங்களோடு உட்கார்ந்து கல் பொறுக்கினவள். வெற்றிலைச் சுருளை எங்கே செருகுவோம், மாதவிலக்கு நாளில் தூரத்துணியை எப்படி மடிப்போம், பிள்ளைக்கு எடுத்துப்போகிற வெல்லத்துண்டை எங்கே ஒளிப்போம், எல்லாம் தெரிந்தவள். ஒருத்தியையும் விடவில்லை, எங்கேயும் விடவில்லை.

அமலோற்பவத்தின் முறை வந்தது. இருவர் இருவராக உள்ளே விட்டார்கள், நான் அவளுக்குப் பின்னால்.

"கையத் தூக்குக்கா."

தூக்கினாள். கொண்டையை அவிழ்த்தாள், ரவிக்கையைத் திறந்தாள், சேலையை உதறினாள். ஜெபமாலை பார்த்தாள், தடவினாள், குனிந்து கால்விரல் இடுக்குகூட விடாமல் பார்த்தாள். முடிந்தது என்று அமலோற்பவம் சேலையை எடுத்துச் சுற்றப்போனாள்.

"வாயத் தொற" என்றாள் ஜெபமாலை.

எந்த வாட்ச்மேனும் அதுவரை எங்கள் வாயைப் பார்த்ததில்லை. அமலோற்பவம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே ஐம்பது பெண்கள், பின்னால் நான், யாராவது ஒருத்தி ஒரு வார்த்தை சொல்வோம் என்று அவள் காத்திருந்த மாதிரி எனக்குப் பட்டது. பிறகு வாயைத் திறந்தாள். ஜெபமாலை விளக்கைத் தூக்கிப் பிடித்து, ஒரு விரலை உள்ளே விட்டு, கன்னத்தின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நாக்குக்கு அடியில் என்று நிதானமாகத் துழாவினாள். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல, போ" என்றாள்.

அடுத்து நான். அவள் சொல்வதற்கு முன்பே வாயைத் திறந்துவிட்டேன்.